சோளகத்தில் அணையும் பச்சை விளக்கு

தீவுப் பகுதிக்கு என்னை அனுப்பியதற்கு முதலாளி சொன்ன காரணம், எனக்கு நிதானமான கை என்பது. உண்மைக் காரணம், அவருக்கு பஸ்ஸில் தலை சுற்றும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் கணினி விற்றுத் திருத்துகிற சிறிய கடை அது. அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான். கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்பார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே என் குணம் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. ஆகவே ஊர்காவற்றுறைக்குப் போகச் சொன்னபோது மறுக்கவில்லை. அங்கேயாவது என்னைத் தாண்டி எட்டிப் பார்க்க உள்ளே எவரும் இருக்கமாட்டார்கள்.

எல்லோரும் சமாதான காலம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்து சாமான்கள் வந்தன, சாமான்களோடு உதவி நிறுவனங்களும் வந்தன. அவற்றில் ஒன்று ஊர்காவற்றுறையில் அலுவலகம் போட்டிருந்தது. கடற்தொழிலாளிகளுக்கு வலை, வள்ள இயந்திரம், உதிரிப்பாகம் கொடுப்பது அதன் வேலை. வெளிநாடு போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெரிய கல்வீடு, வீதியோரத்தில், முன் அலுவலகமாக இருந்தது. கடற்கரையில் ஒரு பழைய கிட்டங்கி களஞ்சியமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒழுங்கை, இரண்டு வெறுங்காணி, கொஞ்சம் பனை.

இரண்டு கட்டடத்திலும் கணினிகள் இருந்தன. ஒரு கட்டடத்துக் கணினிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கிற பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். சுவரில் லைட் போடுகிற சுவிட்ச் அல்ல. கம்பிகள் வந்து செருகுகிற துளைகளும், துளைக்கு ஒரு குட்டிப் பச்சை விளக்குமாக இருக்கிற தட்டையான பெட்டி. முன் அலுவலகத்துச் சுவிட்சையும் களஞ்சியத்துச் சுவிட்சையும் முன்பு யாரோ செப்புக் கம்பியால் தொடுத்திருந்தார்கள். செப்புக் கம்பி தாங்குகிற தூரம் அல்ல அது. போதாததற்கு ஐப்பசியில் இடி விழுந்தது. கம்பி வழியே ஏறிய மின்னல் இரண்டு சுவிட்சையும் எரித்து, போகிற போக்கில் கணினிகளையும் தின்றுவிட்டது.

களஞ்சியத்தில் வேலை பார்த்தவர் ஒரு அக்கா. எழுவைதீவுக்காரி. காலையில் வள்ளத்தில் வந்து பின்னேரம் கடைசி வள்ளத்தில் திரும்புவார். அந்தத் தீவுக்கு வள்ளத்தை விட்டால் வேறு வழியில்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், கணவருக்குக் கடற்தொழில். இடி விழுந்த நாளிலிருந்து அக்கா ஒவ்வொரு பின்னேரமும் அன்றைய இருப்பு விபரத்தை ஒரு பிளொப்பியில் ஏற்றி, ஒழுங்கை வழியே முன் அலுவலகத்துக்கு ஓடி, கொடுத்துவிட்டு இறங்குதுறைக்கு ஓடுவார். சில நாள் வள்ளம் போயிருக்கும். அன்றைக்குப் பக்கத்து ஊரான கரம்பொனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்கை.

கொழும்பில் இருந்த பெரிய அலுவலகம் இந்த ஓட்டத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனது. இருப்பு விபரம் ஒரு மாதத்துக்குத் தடையில்லாமல் அன்றன்றே பின்னேரம் வந்து சேர்ந்தால் களஞ்சியம் தீவில் இருக்கட்டும், இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு மாறினால் அக்காவுக்கு வேலை இல்லை. அங்கே போய் ஒரு முழு நாள் வேலை பார்த்துவிட்டு எழுவைதீவுக் கடைசி வள்ளத்தைப் பிடிக்க எவராலும் முடியாது. இதையெல்லாம் முதல் நாள், நான் பையை இறக்கி வைப்பதற்கு முன்னரே அவர் சொல்லி முடித்தார்.

"பிள்ளை, உம்மட வயரிலைதான் என்ரை வேலை தொங்குது. பாத்துச் செய்யும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவருடைய சீவியத்தை என் தலையில் தூக்கி வைத்துவிட்டு வேலை செய் என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். "வயர் இல்லை அக்கா, கண்ணாடி" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடிதான். செம்மஞ்சள் உறை போட்ட கேபிளுக்குள் தலைமயிர் அளவில் இரண்டு கண்ணாடி இழைகள். ஒன்றில் வெளிச்சம் போகும், மற்றதில் வரும். உலோகம் இல்லாததால் இடி ஏறாது, தூரமும் பொருட்டில்லை. ஆனால் அறுந்தால் ஒட்டுகிற இயந்திரம் எங்களுக்குத் தெரிய யாழ்ப்பாணத்தில் எவரிடமும் இருக்கவில்லை. அதனால் அளவு சொல்லி, சுவிட்சில் ஏறுகிற செருகிகளை இரண்டு முனையிலும் பொருத்தி, கொழும்பிலேயே செய்வித்து எடுத்தோம். குறைந்துபோனால் மானம் போய்விடும் என்று முதலாளி தாராளமாகக் கூட்டிச் சொல்லியிருந்தார். மிச்சத்தை வெட்டவும் முடியாது, வெட்டினால் செருகியும் போய்விடும். சுருளாக்கி எங்கேயாவது தொங்கவிட வேண்டியதுதான்.

தீவுக்குப் போகிற வழியில், பண்ணைச் சோதனைச் சாவடியில் கடற்படைக்காரர் ஒருவர் சுருளைத் தட்டிப் பார்த்து, "உள்ளே என்ன?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார். வெளிச்சம் போகிற கண்ணாடி என்றேன். முனையின் மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இருட்டு" என்று சொல்லிவிட்டுப் போகவிட்டார்.

கேபிள் இழுக்க அக்காவின் கணவர் இன்னும் மூன்று பேரோடு வந்திருந்தார். சோளகம் அடிக்கிற காலம். தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் அந்தப் பக்கத்துக் கடல் கொதித்துக்கொண்டே இருக்கும், தொழில் பாதியாகிவிடும். ஆகவே ஆட்களுக்குக் குறைவில்லை. கேபிளைத் தாங்க மரக் குற்றிகளை நட்டு, முறுக்கு விழாமல் சுருளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பட்டினத்தில் நான் கண்ட வேலைக்காரர்களைவிட நன்றாகவே செய்தார்கள்.

ஒரே ஒரு குணம். எந்தக் கயிற்றின் நுனியும் கட்டாமல் கிடப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாப்பாட்டுப் பையின் வாய் கட்டியிருக்கும். என் ஏணி பனையோடு கட்டியிருக்கும். மத்தியானம் போல என் கருவிப் பெட்டியையும் யாரோ ஒரு துண்டுக் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டார்கள், அதை அவிழ்க்க நான் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. கட்டாமல் விட்ட வள்ளம் விடியக் கரையில் இருக்காது. அந்தப் பயம் அவர்கள் விரல்களிலேயே இருந்தது.

நான் வேலை தொடங்கும்போதே எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். மடிக்கக்கூடாது, மிதிக்கக்கூடாது, வெடுக்கென்று இழுக்கக்கூடாது. மடிக்கக்கூடாது என்றால் அதற்குள் முடிச்சும் அடங்கும் என்பது என் எண்ணம்.

"ஓம் தங்கச்சி" என்றார் அக்காவின் கணவர். அதிகம் பேசாத மனிதர். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசியது அநேகமாக அவ்வளவுதான்.

பின்னேரத்துக்கு முன் இரண்டு முனையையும் செருகினேன். இங்கே அனுப்புகிற துளையிலிருந்து போகிற இழை அங்கே வாங்குகிற துளையில் ஏற வேண்டும். மாற்றிச் செருகினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து ஒருவரும் கேளாத நிலைதான். சரியாகவே செருகினேன். களஞ்சியத்துச் சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்ததும் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மிச்சக் கேபிளைக் கடல் பார்த்த பக்கத்தில், கூரைத் தாழ்வாரத்தின் கீழே, ஒரு பெரிய ஆணியில் தளர்வான வளையங்களாகக் கொழுவிவிட்டு பஸ் ஏறினேன். மனம் நிறைந்துதான் இருந்தது. வழியில் சரவணை ஊரைத் தாண்டும்போது நித்திரையாகிவிட்டேன்.

இரண்டாம் நாள் முன் அலுவலக மேலாளர் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். காலையில் நன்றாக வேலை செய்ததாம், பின்னேரம் செத்துவிட்டதாம். நான் அடுத்த நாள் காலை போனேன். பச்சை விளக்கு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எரிந்தது. இரண்டு பக்கமும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. பகல் பஸ்ஸில் திரும்பினேன். கடைக்குள் கால் வைக்கும்போது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் செத்துவிட்டது. டொக்டரைக் கண்டதும் சுகமாகிவிடுகிற வருத்தக்காரர் மாதிரி அந்த விளக்கு என்னை அலைக்கழித்தது.

களஞ்சியத்துக்கு மின்சாரம் தந்த மின்பிறப்பாக்கியைச் சந்தேகித்தேன். உப்புக் காற்றைச் சந்தேகித்தேன். மேற்கு வெயில் பட்டுச் சுவிட்ச் சூடாகிறதோ என்று அதை மேசைக்குக் கீழே இறக்கி வைத்தேன். கேபிளை மட்டும் சந்தேகிக்கவில்லை. அறுந்த கண்ணாடி இரவில் தானாகப் பொருந்திக் காலையில் வேலை செய்யாது அல்லவா? கடைசியில் அக்கா தண்ணீர் கொதிக்க வைக்கிற மின்சாரக் கேத்திலில் வந்து நின்றேன். பின்னேரத் தேநீருக்காக அவர் சுவிட்சின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேத்திலைச் செருகுகிறாரோ என்று கேட்டேன்.

அக்காவின் முகம் மாறியது. "ஏன் பிள்ளை, என்ரை வேலையை நானே பிடுங்கி எறிவனோ? ஒரு வாய் தேத்தண்ணிக்கு?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பிளொப்பியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் ஓடினார்.

கொழும்பு இன்னும் ஒரு கிழமை தந்தது. அதற்குள் சரிவராவிட்டால் லொறி அனுப்பிக் களஞ்சியத்தை ஏற்றுவார்கள். மேலாளர் இதை எனக்குச் சொன்ன குரலில், ஏற்றுவதுதான் சுகம் என்பது போல ஒரு தொனி இருந்தது. பட்டினத்தில் அவருக்கு வீடு இருந்தது. எனக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அக்காவுக்காக மட்டும் அல்ல, அந்தத் தொனிக்காகவும்தான் இந்த முறை முடிவு கண்டுவிட்டே திரும்புவது என்று போனேன். இழைக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சிப் பார்க்கிற, பேனா அளவிலான கருவி ஒன்றை முதலாளி கொழும்பிலிருந்த சிநேகிதரிடம் இரவல் எடுத்துத் தந்திருந்தார். பகல் பஸ்ஸை விட்டுவிட்டேன். பின்னேரம் சாகிறது என்றால் பின்னேரம் வரை பக்கத்தில் இருந்து பார்ப்பது.

மத்தியானம் வரைக்கும் பச்சை எரிந்தது. அக்கா தன் சோற்றுப் பாசலில் பாதியை எனக்குத் தந்தார், நான் வாங்கினேன். மத்தியானம் திரும்பியதும் காற்று பிடித்தது. கிட்டங்கியின் ஓடுகள் கடகடத்தன. மணல் வந்து யன்னலில் அடித்தது. விளக்கு ஒருமுறை கண் வெட்டியது, இன்னொருமுறை வெட்டியது, பிறகு அணைந்தது. கேத்தில் அலுமாரிக்கு மேலே காய்ந்துபோய் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

செருகியைக் கழற்றிச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிவிட்டு, கேபிள் போகிற வழியே வெளியே வந்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கடல் பக்கத்துத் தாழ்வாரத்து நிழலுக்கு வந்தபோது நான் கொழுவிய ஆணி வெறுமையாக இருந்தது. சுருள் முழுவதும் இறுக்கித் திரட்டப்பட்டு, கூரை மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றால் அல்ல, கேபிளாலேயே போட்ட முடிச்சு. குற்றியிலிருந்து வந்த கேபிள் காற்றில் ஆடி ஆடி அந்த முடிச்சை இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் முடிச்சு இறுகியது, இறுகிய இடத்தில் செம்மஞ்சள் உறைக்குள்ளால் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. காலையில் காற்று இல்லாதபோது முடிச்சு தளர்ந்து வெளிச்சம் போயிருக்கிறது. சோளகம் பிடித்ததும் அந்த வளைவுகளில் வெளியே ஒழுகியிருக்கிறது.

"ஆர் இதைக் கட்டினது?" என்று நான் போட்ட சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்காவின் கணவர் அன்று அவரைக் கூட்டிப்போகத் தன் வள்ளத்தில் வந்திருந்தார். சத்தம் கேட்டு வந்து நின்றார். சிவப்பு வெளிச்சத்தைக் கண்டு, "உள்ளுக்கை நெருப்போ?" என்றார்.

"நீங்களோ அண்ணை கட்டினனீங்கள்?"

"ஓம் தங்கச்சி. நீங்கள் போன அண்டைக்கே கட்டினனான்." அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. "காத்துக்கு ஆடிக்கொண்டு கிடந்தது. இதிலைதான் இவவின்ரை வேலை எண்டு சொன்னவ. பாத்துக்கொண்டு போக மனம் கேக்கேல்லை. அதுதான் வள்ளம் கட்டுற கட்டாப் போட்டனான். புயலுக்கும் விடாது."

"விடாதுதான் அண்ணை! வெளிச்சத்தையும் விடாது! இவ்வளவு நாளும் இவ ஓடினதுக்கு உந்தக் கட்டுத்தான் காரணம்!"

நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் முகத்திலிருந்த பெருமை போன இடம் தெரியவில்லை. அக்கா வாசலில் நின்று முடிச்சையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேத்திலுக்காக என்னிடம் கோபித்தவர், இதற்குக் கோபிக்கவில்லை.

"வீட்டிலை ஆட்டைக்கூட இந்த மனுசன் இவ்வளவு இறுக்கிக் கட்டினதில்லை" என்றார். எனக்குச் சத்தம் அடங்கியது.

அக்காவின் கணவர் உடனே இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். "வெட்டி விடட்டோ?" நான் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்தேன். வெட்டினாலும் போச்சு, உள்ளே கண்ணாடி ஏற்கெனவே வெடித்திருந்தாலும் போச்சு. புதிது செய்வித்து வர ஒரு கிழமை போதாது. லொறிதான் வரும். இதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை, மூன்று பேருக்கும் தெரியும்.

கத்தியை வைத்துவிட்டு வள்ளத்துக்குப் போய், கிழிந்த வலை பொத்துகிற ஊசியைக் கொண்டுவந்தார். ஏணியில் நின்று, வளையத்துக்குள் ஊசியின் மொட்டை முனையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினார். நான் உள்ளே போய்ச் செருகியைத் திரும்பவும் சுவிட்சில் போட்டுவிட்டு வந்தேன். அக்கா சுவிட்சுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். வெளியே காற்று ஏணியை ஆட்டியது, நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அவர் ஒவ்வொரு வளையத்துக்கும் நிறுத்தி, என்னைக் கேட்டுத்தான் நெகிழ்த்தினார். புயலுக்கு விடாத கட்டுப் போடுகிற மனிதர் என்னிடம் உத்தரவு கேட்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கத்தியதற்கு வருத்தப்பட்டேன், ஆனால் சொல்லவில்லை.

கடைசி வளையம் கழன்றது. அவர் கீழே இறங்காமல் அப்படியே நின்றார்.

"வந்திட்டுது!" என்று அக்கா கத்தினார். "பிள்ளை, பச்சை வந்திட்டுது!"

அன்றைய இருப்பு விபரம் ஓட்டம் இல்லாமலே முன் அலுவலகத்துக்குப் போனது. சுருளை மறுபடியும் நான் தளர்வாக ஆணியில் கொழுவினேன். அக்காவின் கணவர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாமல் ஆடுகிற அந்த வளையங்கள் அவருக்குப் பல்லில் சிக்கியது போல இருந்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, இப்பிடி விட்டா இதை என்ன பிடிச்சிருக்கும்?"

கேள்வியில் பிழையில்லை. ஆடுகிற கேபிளுக்கு ஒரு பிடி தேவைதான். கடைசியில் குற்றியிலிருந்து கூரை மரம் வரைக்கும் வேறாக ஒரு நைலோன் கயிறு இழுத்தோம். அதில் அவர் தனக்குத் தெரிந்த கட்டுகளையெல்லாம் ஆசை தீரப் போட்டார். கேபிளை அதிலிருந்து சைக்கிள் ரியூப் துண்டுகளால் தொங்கவிட்டோம். காற்று கயிற்றை இழுத்தது, கேபிள் சும்மா கிடந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் அன்று எழுவைதீவில் அவர்கள் வீட்டில்தான் படுத்தேன். வள்ளம் போட்ட ஆட்டத்தில் வயிறு பிரட்டி, முதலாளியின் தலைசுற்றலை அதற்குப் பிறகு நான் பரிகாசம் செய்யவில்லை.

அந்த மாதம் ஒரு பின்னேரமும் விளக்கு அணையவில்லை. லொறி வரவில்லை. அக்கா களஞ்சியத்திலேயே இருந்தார். அடுத்த ஐப்பசியில் இடி விழுந்து ஒரு பனை கருகியது, சுவிட்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சமாதான காலம் ஒரு நாளில் முடியவில்லை. வள்ளங்கள் சில நாள் ஓடின, சில நாள் ஓடவில்லை. கொழும்புப் பாதை மூடியது. உதவி நிறுவனங்களின் வெளிநாட்டுக்காரர் போனார்கள். பிறகு அலுவலகத்தையே மூடுவது என்று முடிவாகி, சுவிட்சுகளைக் கழற்றி எடுக்க என்னை அனுப்பினார்கள். அக்கா பூட்டுகளின் திறப்புகளை ஒப்படைக்க வந்திருந்தார். மெலிந்திருந்தார். கிட்டங்கிக்குள் தட்டுகள் எல்லாம் வெறுமை. கேத்தில் மட்டும் அலுமாரி மேலே இருந்தது.

நான் பிளக்கைக் கழற்றும் வரைக்கும் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அது கோபமாக இருந்தது. எதன் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"நல்லாத்தான் செய்து தந்தனீர் பிள்ளை" என்றார் அக்கா. "உம்மட பக்கத்திலை ஒரு பிழையும் இல்லை."

கேபிளை என்ன செய்வதென்று மேலாளருக்கு அக்கறை இல்லை. அக்காவின் கணவர் தான் எடுக்கட்டோ என்று கேட்டார். எடுங்கோ என்றேன். கயிற்றை அவர் அறுத்துத்தான் எடுத்தார், அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. கேபிளைச் சுருட்டி முடித்ததும், வழக்கம்போல நுனியைக் கையில் பிடித்தபடி ஒருகணம் நின்றார்.

"இனி எப்பிடி வேணுமெண்டாலும் கட்டலாம் அண்ணை" என்றேன்.

அவர் கட்டவில்லை. பெரிய, தளர்ந்த வளையங்களாகவே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தார். நுனிகள் நிலத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் போனார்.